செடியைக் காட்டியவர் பெயர் எங்கே?

மலர்க் குழு அண்ணன் கட்டுரை கேட்டு வந்தபோது, "ஏ.ஐ. பற்றி எழுது, கேம்பஸ் இன்டர்வியூ பற்றி எழுது, நாலு பேர் படிப்பான்" என்றார். "நான் ஹெர்பேரியம் பற்றி எழுதுகிறேன்" என்றேன். பக்கத்தில் நின்ற ஒருவன், "அது எந்த ஊர் ஹோட்டல்லே?" என்று கேட்டான். அவன் பெயரை இங்கே போட மாட்டேன். மெக்கானிக்கல் பிரிவு என்று சொன்னால் போதும், மற்றவர்களுக்குப் புரிந்துவிடும்.

அன்பு நண்பர்களே! கெமிக்கல் டிப்ளமோ படிக்கிறவனுக்குச் செடி கொடியோடு என்ன வேலை என்று நீங்களும் கேட்கலாம். நாம் லேபில் சாக்ஸ்லெட்டில் போட்டு இறக்குகிற சரக்கு எங்கிருந்து வருகிறது? மருந்துக் கம்பெனியின் ரியாக்டருக்குள் போவதற்கு முன்னால் அது எங்கோ ஒரு கரட்டு மேட்டில், யாரோ ஒரு மனுஷி குனிந்து பறித்த இலையாக இருந்திருக்கும். நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். காட்டுச் செடியை ஆராய்ச்சிக்கு எடுக்கிறவர்கள் அதன் லேபிளில் என்னென்னவோ எழுதுகிறார்கள். அந்தச் செடியைக் காட்டியவர் பெயரை மட்டும் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் ஹெர்பேரியம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். செடிகளின் ரெக்கார்டு ரூம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூவோடும் காயோடும் ஒரு கிளையை வெட்டி, சின்னச் செடி என்றால் வேரோடு எடுத்து, பழைய நியூஸ் பேப்பருக்குள் இலை மடங்காமல் விரித்து, இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவில் அடுக்கிப் பெல்ட் போட்டு இறுக்குவார்கள். தினமும் ஈரப் பேப்பரை எடுத்துவிட்டுக் காய்ந்த பேப்பர் மாற்ற வேண்டும். ஒருநாள் சோம்பல் பட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்த பிறகு பூச்சி அரிக்காமல் இருக்க விஷ மருந்தில் நனைப்பது உண்டு. மெர்குரிக் குளோரைடை ஆல்கஹாலில் கரைத்துப் பல காலம் இதற்குப் பயன்படுத்தினார்கள். (நம் பிரிவு நண்பர்களுக்கு: பழைய ஷீட்டைத் தொட்டால் கையைக் கழுவுங்கள்.) அப்புறம் கெட்டித் தாளில் ஒட்டி, வலது கீழ் மூலையில் லேபிள். செடியின் லத்தீன் பெயர், குடும்பம், எடுத்த இடம், கடல் மட்டத்திலிருந்து உயரம், தேதி, பூவின் நிறம், கடைசியாகச் சேகரித்தவர் பெயரும் அவருடைய வரிசை எண்ணும். பூவின் நிறத்தை ஏன் எழுத வேண்டும் என்றால் காய்ந்த பிறகு நிறம் போய்விடும்.

இப்படி ஒட்டிய ஷீட் இருநூறு வருஷமானாலும் பேசும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் ஷீட்டுகள் இருக்கின்றன. அந்தத் தொகுப்பு 1909-ல் சென்னையிலிருந்து கோவைக்கு வந்தது. பெயர் மட்டும் இன்றுவரை மெட்ராஸ் ஹெர்பேரியம்தான். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் அருட்தந்தை மேத்யூ தொடங்கிய ராப்பினாட் ஹெர்பேரியமும் பேர் பெற்றது.

காய்ந்த இலையை இப்படிப் பூட்டி வைத்து என்ன பயன் என்கிறீர்களா? சரவாக் கதையைக் கேளுங்கள். மலேசியாவின் சரவாக் மாநிலக் காட்டில் 1987-ல் ஒரு மரத்தின் இலையும் குச்சியும் எடுத்து அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினார்கள். நம் ஊர்ப் புன்னை மரத்துக்கு அது ஒன்றுவிட்ட சொந்தம், ஒரே பேரினம். பரிசோதனையில் எச்.ஐ.வி. கிருமியைத் தடுக்கும் சத்து அதில் இருப்பது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று திரும்பிப் போனால் அந்த மரத்தையே காணோம், வெட்டிவிட்டார்கள்! அக்கம்பக்கத்து மரங்களில் அதே சத்து சரியாகக் கிடைக்கவில்லை. ஷீட் போட்டு வைத்திருந்ததால்தான் அது இன்ன வகை மரம் என்று உறுதியாகத் தெரிந்தது. அதே வகை மரங்களை வேறு எங்கே பார்த்திருக்கிறார்கள் என்று தேடிச் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் கண்டுபிடித்தார்கள். மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் சரவாக் அரசு ஒரு காரியம் செய்தது. 1996-ல் அந்த ஆராய்ச்சிக் கம்பெனியோடு சரிபாதிக் கூட்டு வைத்துக்கொண்டது. நம் காட்டிலிருந்து போனது, நமக்கும் பாதி என்று கேட்கிற தைரியம் இருந்திருக்கிறது.

ஆக, லேபிள் என்பது சும்மா ஒட்டுகிற சீட்டு இல்லை. பின்னால் ஒருநாள் பணமோ புகழோ வந்தால், அது யாரைத் தேடி வரும் என்பதற்கான பத்திரம். பத்திரத்தில் பெயர் இல்லாதவனுக்குப் பாகம் கிடைத்த ஊர் ஏதாவது உண்டா?

பெயர் எழுதும் பழக்கமே கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. 1678-ல் ஆம்ஸ்டர்டாமில் 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' என்ற புத்தகத்தின் முதல் பாகம் அச்சானது. மலபார்ப் பகுதிச் செடிகளைப் பற்றி டச்சுக் கவர்னர் வான் ரீட் செய்வித்த 12 பாகப் புத்தகம் அது. அதில் செடிகளின் குணம் சொன்ன கேரள வைத்தியர் இட்டி அச்சுதனின் வாக்குமூலத்தை அவர் கையெழுத்து வடிவத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். வியாபாரம் செய்ய வந்தவன், பீரங்கி வைத்திருந்தவன், அவனே எழுதியிருக்கிறான். பிறகு சென்னை மாகாணத்தில் செடி சேகரித்த டாக்டர் ராபர்ட் வைட், தனக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களில் கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார். பிற்காலத்தில் அந்தப் பேரினத்தை வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள், அது வேறு கதை. ஆனால் வைட்டுக்காகக் காடு காடாய் அலைந்து கூடையில் செடி கொண்டுவந்த கூலியாட்கள் எத்தனை பேர்? ஒருவர் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி நம் பொதிகை மலைக்கு வருகிறேன். எங்கள் ஊர் அதன் கிழக்கு அடிவாரம், பாபநாசம் பக்கம். நான் சொல்லப் போவது மேற்குச் சரிவில், கேரளப் பக்கம் நடந்தது. 1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு விஞ்ஞானிக் குழு மலை ஏறியது. வழிகாட்டிகளாகப் போன காணிக்காரர்கள் ஏதோ ஒரு பழத்தைக் கொறித்துக்கொண்டே களைப்பில்லாமல் நடந்தார்களாம். மூச்சு வாங்கிய விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள், தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை, அது குலத்தின் ரகசியம். பிறகு நம்பிக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் அருகே பாலோடு தாவரத் தோட்டத்தின் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்தது. 1995-ல் கோவை ஆர்ய வைத்திய பார்மஸிக்கு 7 ஆண்டு உரிமம் கொடுத்தார்கள். உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. நிலையம் தனக்கு வந்ததில் பாதியைக் காணி மக்களுக்குத் தருவது என்று முடிவெடுத்தது. 1997-ல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. 1999-ல் 5 லட்சம் ரூபாய்க்குச் சற்று அதிகமான தொகை அதன் கணக்குக்குப் போனது. உலகத்திலேயே இப்படிப் பங்கு கொடுத்த முதல் உதாரணங்களில் ஒன்று என்று இதைப் பல நாடுகளில் பேசுகிறார்கள்.

இதில் நான் கவனித்த ஒரு விஷயம் உண்டு. அந்தச் செடி விஞ்ஞானத்துக்குப் புதிதே இல்லை! டிரைக்கோபஸ் சைலானிகஸ் என்று 1788-லேயே அதற்குப் பெயர் வைத்தாகிவிட்டது. சைலானிகஸ் என்றால் சிலோனைச் சேர்ந்தது. இருநூறு வருஷம் லத்தீன் பெயரோடு இருந்த செடி அது. அதைத் தின்றால் களைப்புத் தீரும் என்பது மட்டும் எந்த லேபிளிலும் இல்லை. காணிக்காரர்கள் கொடுத்தது செடியை அல்ல, சேதியை. லேபிளில் செடிக்குத்தான் இடம் வைத்திருக்கிறோம், சேதிக்கு இடமே வைக்கவில்லை.

ஆரோக்கியப்பச்சைக் கதை முழுக்க இனிப்பு என்றும் நினைக்க வேண்டாம். 1995-லேயே காணி வைத்தியர்கள் ஒன்பது பேர், எங்கள் அறிவைக் கம்பெனிக்கு விற்கக் கூடாது என்று கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். பிலாத்தி என்று அவர்களுக்குப் பெயர், மருந்து ரகசியம் அவர்கள் பொறுப்பு. நடந்தது பாருங்கள்: வழிகாட்டப் போன இளைஞர்களிடம் கேட்டார்கள், பிலாத்திகளிடம் கேட்கவில்லை. வனத்துறை இலை பறிக்க அனுமதி தரத் தயங்கியது. செடியின் மதிப்புத் தெரிந்ததும் வெளியாட்கள் வேரோடு பிடுங்கிக்கொண்டு போனதும் நடந்தது. இவ்வளவு குறை இருந்தும் நான் அதை மேலான உதாரணம் என்றே சொல்வேன். அங்கே சண்டை போடுவதற்காவது ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது.

எங்கள் வீட்டுக் கணக்கு வேறு. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றுகிறாள். ஆச்சி மூலிகை பறிப்பாள். குளத்தங்கரை, புறம்போக்கு, ஓடைக்கரை என்று காலையில் போனால் ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், கீழாநெல்லி, முடக்கத்தான் என்று கட்டிக்கொண்டு வருவாள். காயவைத்து நாட்டு மருந்துக்கடைக்காரருக்கு எடை போட்டுக் கொடுப்பாள். நன்னாரி வேர் தோண்டினால் ஒரு பக்க வேரை மட்டும் எடுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடுவாள். "அடுத்த வருஷம் நான் இருப்பனோ இல்லையோ, அது இருக்கணும்லா" என்பாள். பின்னால் நான் படித்தபோது, தாவரவியல்காரர்களும் 20 செடி இருக்கும் இடத்தில் 1 செடிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்திருப்பது தெரிந்தது. ஆச்சிக்கு அந்த எண்ணிக்கை தெரியாது. ஆனால் அவள் எடுத்த இடத்தில் நன்னாரி தீர்ந்து போனதாக நான் பார்க்கவில்லை.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் ஊருக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை, என் சண்டை அவர்களோடு இல்லை. நல்ல மனிதர்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆச்சி இரண்டு நாள் வெயிலில் அவர்களோடு அலைந்து செடி செடியாகக் காட்டினாள். பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். ஒவ்வொரு செடிக்கும் பேர் என்ன, எந்த நோய்க்கு, எந்தப் பாகம், எதில் அரைப்பது என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். கடைசியில் 200 ரூபாய் கொடுத்து, இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளில் ஆச்சியிடம் கைநாட்டு வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று படித்துச் சொல்ல அன்றைக்கு எங்கள் தெருவில் ஆள் இல்லை. போன வருஷம் லைப்ரரி கம்ப்யூட்டரில் எங்கள் ஊர்ப் பேரைப் போட்டுத் தேடியபோது அந்த ஆராய்ச்சிக் கட்டுரை கிடைத்தது. செடிகளின் பட்டியல் நீளமாக இருக்கிறது. ஆச்சி சொன்ன நாட்டுப் பெயர்கள், அரைக்கிற முறை எல்லாம் அப்படியே இருக்கின்றன. சொன்னவர் யார் என்று தேடினேன். "தகவல் தந்தோர்: உள்ளூர் முதியவர்கள்" என்று இருந்தது. நன்றி சொன்ன பகுதியில் ஜீப் கொடுத்து உதவியவர் பெயர் இருக்கிறது.

இந்த வருஷம் எங்கள் பிராஜெக்ட், மஞ்சணத்தி வேரிலிருந்து துணிச் சாயம் எடுப்பது. நுணா என்று சில ஊர்களில் சொல்வார்கள். ஆச்சியிடம் கேட்டபோது, "எய்யா, தடி வேரைத் தோண்டாத, அது அடுப்புக்குத்தான் ஆகும். விரல் தண்டி வேர்லதான் சாயம் இருக்கு" என்றாள். அவள் அம்மா சேலைக்குச் சாயம் தோய்த்த காலத்துச் சங்கதி அது. எங்கள் லேபிலும் அப்படித்தான் வந்தது. மெல்லிய வேரின் பட்டையில்தான் சாயம் நன்றாக இறங்கியது. பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் செடி இன்னதுதான் என்று தாவரவியல் ஆசிரியர் ஒருவரின் சான்றிதழ் வைக்க வேண்டும். ஒரு கல்லூரிக்குக் கிளையோடு போனோம். ஷீட் போட்டு, எண் கொடுத்து, லேபிள் அடித்தார்கள். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். "சார், செடியைக் காட்டினதும் வேர் எது நல்லதுன்னு சொன்னதும் எங்க ஆச்சி. அவங்க பேரையும் போடலாமா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "அதுக்கு இதுல காலம் இல்லையேப்பா" என்றார்.

காலம் இல்லை! நண்பர்களே, இந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. கடல் மட்ட உயரத்துக்குக் காலம் உண்டு. பூவின் நிறத்துக்குக் காலம் உண்டு. 75 வயது மனுஷிக்கு ஒரு காலம் போட அச்சகத்தில் எத்தனை ரூபாய் அதிகம் கேட்பான்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1992-ல் உலக நாடுகள் பல்லுயிர் ஒப்பந்தம் செய்தன. நம் நாட்டில் 2002-ல் உயிரியல் பன்மைச் சட்டம் வந்தது. அதற்கான தேசிய ஆணையம் 2003 முதல் நம் சென்னையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு இருக்க வேண்டும், மக்களிடம் கேட்டு ஊரின் செடி கொடி, அறிவு எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது சட்டம். 2020 ஜனவரி 31-க்குள் இதை முடிக்கச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயமும் கெடு வைத்தது. ஒருநாள் எங்கள் பக்கத்து ஓர் அலுவலகத்தில் போய் அந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "எதுக்குத் தம்பி?" என்றார்கள். அப்புறம் பீரோவில் இருக்கும் என்றார்கள். பீரோ சாவி வைத்திருந்தவர் லீவு. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் லீவு.

2023-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதம் மட்டும் வைத்தார்கள். அதைவிட எனக்கு உறுத்துகிற இடம் வேறு. ஏடுகளிலும் நூல்களிலும் ஏற்கனவே பதிவான பாரம்பரிய அறிவைப் பயன்படுத்தும் நம் நாட்டுக்காரர்களுக்கு இப்போது விலக்கு உண்டு. நூலில் இருப்பது எல்லாருக்கும் பொது என்று கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஆச்சி சொல்கிற கீழாநெல்லியும் சித்த நூலில் இருக்கிறது. அவள் நூலைப் பார்த்துச் சொல்லவில்லை, அவள் அம்மாவிடம் கற்றுச் சொல்கிறாள். இரண்டில் எதைக் கேட்டுக் கம்பெனி வந்தது என்று யார் நிரூபிப்பது? எழுதினவன் அறிவு ஏட்டில் இருப்பதால் விலக்கு. எழுதத் தெரியாதவள் அறிவு எங்குமே பதிவாகாததால் கணக்கில் இல்லை. இரண்டு பக்கமும் அவளுக்கு ஒன்றும் இல்லை.

இதைப் பேசினால் நம் நண்பர்கள் சில மறுப்புச் சொல்வார்கள். ஹாஸ்டலில் சொல்லியும் இருக்கிறார்கள்.

"எல்லாச் செடியிலும் கோடி ரூபாய் மருந்தா வரப் போகிறது?" இல்லை. வரவே வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1960-லிருந்து பல்லாயிரம் செடி மாதிரிகளைப் புற்றுநோய்க்காகச் சோதித்தார்கள். டாக்சால் மாதிரி விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மருந்து தேறியது. அதனால்தான் நான் பணத்தைப் பிரதானமாகப் பேசவில்லை. உங்களுக்கு லட்சம் வரும் என்று ஆசை காட்டிச் செடி கேட்பது பாவம். இரண்டு நாள் அலைந்ததற்கு இரண்டு நாள் நியாயமான கூலி, பெயருக்கு ஒரு வரி. இதற்கு லாபம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

"ஊருக்கே தெரிந்த விஷயத்துக்கு ஒருத்தர் பெயரை எப்படிப் போடுவது?" இது கனமான கேள்வி, பிலாத்திகள் கேட்டதும் இதுதான். பெயர் போட்டால் அவருக்கே பட்டா என்று அர்த்தம் இல்லை. சேகரித்தவர் பெயர் போடுவதால் செடி அவருக்குச் சொந்தமாகிவிடுகிறதா? இன்னாரிடம் கேட்டோம், இன்ன சமூகத்தார், இன்ன ஊர் என்று இருந்தால் நாளைக்கு அந்த ஊர்க்காரர்கள் கூடி, இது எங்கள் எல்லாருடையதும் என்று வாதாடவாவது ஒரு நுனி கிடைக்கும். "உள்ளூர் முதியவர்கள்" என்பதைப் பிடித்துக்கொண்டு யார் எங்கே போய் வாதாடுவது?

"பெயரும் இடமும் போட்டால் திருடன் வந்து செடியை அள்ளிவிடுவான்." உண்மைதான், ஆரோக்கியப்பச்சைக்கே அது நடந்தது. அரிய செடிக்கு இடத்தைத் துல்லியமாக வெளியிடாமல் மறைத்து வைக்கும் வழக்கம் ஹெர்பேரியங்களில் இருக்கவே இருக்கிறது. பெயர் வேண்டாம் என்கிறவர் பெயரையும் அப்படியே மறைத்து வைக்கலாம். கேட்டு எழுதுவதும் கேட்டு மறைப்பதும் ஒன்று, கேட்காமலே விடுவது வேறு.

நித்தியகல்யாணிக் கதை ஒன்று பாக்கி. நம் பக்கம் சுடுகாட்டுப்பூ என்று சொல்லி வீட்டில் வைக்கமாட்டார்கள். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. 1952-ல் கனடாவில் டாக்டராக இருந்த ஒருவருக்கு, ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிற இந்த இலை அங்கிருந்து தபாலில் வந்தது, அதை அவர் தன் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். இலையை அனுப்பியவர் அந்த டாக்டரின் நோயாளி ஒருவர் என்று சொல்கிறார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதைப் பிடித்துக்கொண்டு போய் 1958-ல் நோபிளும் பீரும் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். எலி லில்லி கம்பெனியும் தனியாக அதே செடியில் வேலை செய்துகொண்டிருந்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் ஏற்றுகிற வின்கிரிஸ்டினும் அந்தச் செடியில்தான் கிடைத்தது. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அந்த இலைக்காகத்தான் நம் நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம் மானாவாரி நிலங்களில் இதைப் பயிர் செய்து ஏற்றுமதிக்கு அனுப்பினார்கள். கனடா டாக்டர்களின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும், எத்தனை குழந்தைகள் பிழைத்திருக்கின்றன! இலையை அனுப்பியவரைப் பெரும்பாலும் ஒரு நோயாளி என்றுதான் கதையில் சொல்கிறார்கள்.

நாம் என்ன செய்ய முடியும்? கோவைக்கும் டெல்லிக்கும் கடிதம் எழுதுவது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் கையில் இருப்பது இரண்டு. ஒன்று, செடி சம்பந்தப்பட்ட எந்த பிராஜெக்ட் ரிப்போர்ட்டானாலும் நன்றியுரைப் பக்கத்தில் ஹெச்.ஓ.டி. பெயருக்கு அடுத்த வரியிலேயே செடி காட்டியவர் பெயரும் ஊரும் போடுவது. எங்கள் பிராஜெக்டில் போட்டாகிவிட்டது. டைப் அடித்தவர், "இது யாருப்பா பேச்சியம்மாள்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தார். இரண்டாவது, வரும் என்.எஸ்.எஸ். முகாமில் முகாம் நடக்கும் ஊரின் செடிகளை ஊர்க்காரர்கள் சம்மதத்தோடு ஷீட் போட்டு அந்த ஊர்ப் பள்ளிக்கே கொடுக்கலாம் என்று திட்ட அலுவலர் சாரிடம் கேட்டிருக்கிறேன். லேபிளைத் தமிழில் அடிக்கப் போகிறோம். வழக்கமான காலங்களோடு மூன்று வரி கூடுதல்: செடியைக் காட்டியவர், அவர் யாரிடம் கற்றார், வெளியே சொல்ல அவர் வைத்த நிபந்தனை. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு, வைக்கும் முன்னால் தாளை முழுசாகத் தமிழில் வாசித்துக் காட்ட இரண்டு பேர் வேண்டும். சத்தமாக, நிறுத்தி வாசிக்கத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. செடி உலர்த்தும் பிரஸ் செய்ய ஃபிட்டிங் ஷாப்பில் கேட்டாகிவிட்டது. பெல்ட்டும் பழைய நியூஸ் பேப்பரும்தான் பாக்கி. வீட்டில் பேப்பர் வாங்குகிறவர்கள் எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். வர விரும்புகிறவர்கள் கெமிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் மதிய இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.